வாயைத் திறந்து பார்க்காத வைத்தியம்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிற நடுவயது மனிதர் ஒருவருக்கு, அவர் எந்த உபாதையைச் சொல்லிக்கொண்டு வந்திருந்தாலும், முதலில் இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள். எடை போட்டுச் சீட்டில் குறித்துக் கொடுக்கிறார்கள். ஒரு தலைமுறைக்கு முன் இந்த வழக்கம் கிராமங்களில் இல்லை. சர்க்கார் முனைந்து செய்ததன் பலனாக இன்று ஜனங்களே கேட்டுச் செய்துகொள்ளும் அளவுக்கு அது வேரூன்றிவிட்டது. ஆனால் ஊசி வேண்டாத, ரசாயனம் வேண்டாத, ஒரு டார்ச் விளக்கையும் இரண்டு நிமிஷ அவகாசத்தையும் தவிர வேறெதுவும் வேண்டாத பரிசோதனை ஒன்று உண்டு. வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்தின் உட்புறத்தையும், நாக்கின் அடியையும், ஈறுகளையும் பார்ப்பதே அது. உடம்பின் உள்ளுறுப்புகளைப் படம் பிடித்துப் பார்ப்பதற்குக் கோடிக்கணக்கில் செலவிடும் நாம், திறந்தாலே தெரிகிற உறுப்பைப் பார்க்காமல் விட்டிருக்கிறோம் என்பது விசித்திரமாக இல்லையா?

பல் நோய் அற்ப விஷயம் என்னும் அபிப்பிராயம் படித்தவர்களிடமும் இருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகத்தில் ஏறக்குறைய 350 கோடி மக்கள் ஏதோ ஒரு வாய் நோயால் பீடிக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் நான்கில் மூவர் நம்முடையதைப் போன்ற நடுத்தர வருமானமுள்ள தேசங்களில் வசிப்பவர்கள். வைத்தியம் செய்யப்படாத சொத்தைப் பல் மட்டும் 200 கோடிப் பேருக்கு இருக்கிறது. மனித ஜாதியைப் பற்றும் வியாதிகளில் இவ்வளவு பரவலானது வேறொன்று இல்லை. ஈறு நோயும் சர்க்கரை வியாதியும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்பதை வைத்திய சாஸ்திரம் ஒப்புக்கொண்டிருக்கிறது. அப்படியிருந்தும், பல்வலி வந்தால் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைப்பதும், அது கேட்காவிட்டால் வலி மாத்திரை போடுவதும், அதுவும் கேட்காவிட்டால் டவுனுக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வருவதுமே நம் ஏழை ஜனங்களுக்கு வாய்த்திருக்கிற வைத்திய முறை.

இதற்கு மூல காரணம் ஒரு பழைய பாகப்பிரிவினை. 1840-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் பல் வைத்தியத்துக்கென்று தனிக் கல்லூரி ஏற்பட்ட நாளிலிருந்து, பல் ஒரு சாஸ்திரமாகவும் மற்ற உடம்பு வேறொரு சாஸ்திரமாகவும் பிரிந்துவிட்டன. கல்கத்தாவில் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது 1920-இல் கல்லூரி தொடங்கியபோதும், 1948-இல் நம் தேசத்தில் பல் வைத்தியர் சட்டம் இயற்றப்பட்டபோதும் அந்தப் பிரிவினை இங்கும் உறுதிப்பட்டது. பிரிந்ததனால் பல் வைத்தியம் நுட்பமாக வளர்ந்தது உண்மை. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பிரிந்த பாகத்தைக் கவனிக்கும் பொறுப்பைப் பொதுச் சுகாதாரம் மெல்லக் கைகழுவிவிட்டது. முந்நூறுக்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இத்தேசத்தில் இருக்கின்றன. வருஷந்தோறும் ஆயிரக்கணக்கான பட்டதாரிகள் வெளிவருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நகரத்தின் கடைவீதிகளில் ஒருவருக்கொருவர் போட்டியாகக் கிளினிக் திறந்திருக்க, பத்து மைல் தள்ளியுள்ள கிராமத்தில் பல்லைக் காட்டுவதற்கு ஆள் இல்லை. கல்லூரிகளைப் பெருக்கினால் பல் நோய் குறையும் என்பவர்கள் இந்தப் பிரத்தியட்ச உண்மைக்கு என்ன சமாதானம் சொல்வார்களோ, தெரியவில்லை.

சொத்தைப் பல்லாவது உயிரைக் கொண்டுபோவதில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். வாய்ப் புற்றுநோய் விஷயத்தில் அந்த ஆறுதலும் இல்லை. 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் ஒரே வருஷத்தில் 1,40,000-க்கு மேற்பட்டவர்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டிருக்கிறது. காரணம் மர்மமானதன்று. 2016-17-இல் எடுக்கப்பட்ட தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் நூற்றுக்கு 21 பேருக்கு மேல் மெல்லும் புகையிலையை, அல்லது அதைப்போன்ற புகையில்லாத வஸ்துவை உபயோகிப்பவர்கள் என்று தெரிந்தது. பீடி, சிகரெட்டு பிடிப்பவர்களைவிட இவர்கள் தொகை அதிகம். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் விளைவிக்கக்கூடியதே என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தாம்பூலம் தரித்துத் திண்ணையில் சாய்ந்த நம் பாட்டனாரை நினைத்து இதை நம்ப மறுக்கிறவர்கள் பலர் உண்டு. மங்கல காரியத்தில் தட்டில் வைக்கும் வெற்றிலை பாக்கை யாரும் இங்கே குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. காலை முதல் இரவு வரை கன்னத்தில் அடக்கிவைக்கும் பாக்கைப் பற்றியும், பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் பொட்டலத்தைப் பற்றியுமே பேச்சு.

இந்த நோயின் குணம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வயிற்றிலோ நுரையீரலிலோ தோன்றும் புற்றுநோய் ஒளிந்திருந்து வளர்கிறது; வாயில் தோன்றுவதோ பெரும்பாலும் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டே வருகிறது. கன்னத்தின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத வெண்படலம், வெல்வெட்டுப் போன்ற செம்படலம், மூன்று வாரமாகியும் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், வாய் வரவரக் குறுகி இரண்டு விரல்கூட நுழையாத நிலை, இவையெல்லாம் கண்ணுள்ள எவரும் காணக்கூடிய அறிகுறிகள். வலி இல்லாததனால் நோயாளி பொருட்படுத்துவதில்லை. யாரும் வாயைத் திறக்கச் சொல்லாததனால் வைத்தியருக்கும் தெரிவதில்லை. வலி கண்டு ஓடிவரும்போது தாடையை அறுத்து எடுக்க வேண்டிய கட்டம் வந்திருக்கிறது.

கண்ணால் பார்ப்பதால் மட்டும் உயிர் பிழைக்குமா என்று கேட்பவர்களுக்கு விடை அண்டை ராஜ்யத்திலேயே கிடைத்திருக்கிறது. திருவனந்தபுரம் ஜில்லாவில் 13 பஞ்சாயத்துகளைத் தேர்ந்து, 35 வயதுக்கு மேற்பட்ட ஏறக்குறைய 1,90,000 ஜனங்களை இரு பிரிவாக்கி, 1996 முதல் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. டாக்டர் ஆர். சங்கரநாராயணனும் அவருடைய சகாக்களும் ஒரு பிரிவினரின் வீடுகளுக்கு அனுப்பிவைத்தவர்கள் வைத்தியர்கள் அல்லர். வைத்தியத்தோடு சம்பந்தமில்லாத பாடங்களில் பட்டம் பெற்று, இந்த ஒரு காரியத்தில் மட்டும் பயிற்சி அளிக்கப்பட்ட சாதாரணப் பணியாளர்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 2005-இல் ‘லான்செட்’ பத்திரிகையில் முடிவு வெளிவந்தது: புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் நூற்றுக்கு 34 பங்கு குறைந்திருந்தது. அந்தப் பழக்கம் இல்லாதவர்களையும் சேர்த்து எண்ணினால் பலன் அவ்வளவு திட்டமாகத் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்; ஆகவே யாரைப் பார்ப்பது என்பதும் அந்த ஆராய்ச்சியாலேயே தெளிவாகிவிட்டது.

இப்படிப்பட்ட நிரூபணம் நம் கையிலேயே கிடைத்த பிறகு என்ன நடந்தது? முப்பது வயதானவர்களுக்கெல்லாம் வாய்ப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று மத்திய சர்க்கார் உத்தரவில் எழுதப்பட்டது. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், வாய்ப் புற்றுநோய்க்காக ஒருமுறையேனும் வாயைப் பரிசோதித்துக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்தபோது, பெண்களில் நூற்றுக்கு 0.9, ஆண்களில் 1.2 என்று விடை வந்தது. நூற்றுக்கு ஒருவர்! உத்தரவுக்கும் அனுஷ்டானத்துக்கும் இடையே இவ்வளவு தூரம் இருப்பதை மற்றெந்த இலாகாவிலாவது பொறுத்துக்கொள்வோமா?

இதை யார் செய்வது என்பதுதான் தகராறு. படிக்காதவர்கள் கையில் வாயை ஒப்படைப்பதா என்று பல் வைத்தியர்கள் கவலைப்படுவதில் நியாயம் இல்லாமலில்லை. சந்தையில் நாற்காலி போட்டுப் பல் பிடுங்கிய போலிகளை ஒழிக்க அவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. ஆனால் 1921-இல் நியூசிலாந்தில் இளம் பெண்களுக்கு இரண்டு வருஷப் பயிற்சி அளித்துப் பள்ளிக்கூடங்களிலேயே பிள்ளைகளின் சொத்தைப் பல்லை அடைக்க ஏற்பாடு செய்த தாமஸ் ஹண்டர் தாமே பல் வைத்தியராக இருந்தவர். அந்த நாட்டின் உதவியோடு, கொழும்புத் திட்டத்தின் கீழ், இலங்கையிலும் மகரகமவில் அதே மாதிரிப் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. அங்கே பாடசாலைப் பல் சிகிச்சையாளர் என்பவர் இன்றும் பொதுச் சுகாதாரத்தின் ஓர் அங்கம். நம் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் பல் வைத்தியருக்குத் துணையாக ஹைஜீனிஸ்ட் என்னும் உத்தியோகத்துக்கு இடம் இருந்தது. சட்டப் புத்தகத்தில் இருந்த அந்த மனிதரைக் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் கண்டவர்கள் மிகச் சிலரே.

குழந்தைகள் விஷயத்தை நீட்டாமல் சொல்லிவிடலாம். ஆறு வயதளவில், எந்தப் பல்லும் விழாமலே, பால்பற்களுக்குப் பின்னால் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. தாய்மார்கள் அதுவும் விழுந்து முளைக்கும் பல்தானே என்று விட்டுவிடுகிறார்கள். ஆயுள் முழுதும் இருக்க வேண்டிய அது பத்து வயதுக்குள் சொத்தையாகிவிடுகிறது. தித்திப்பை எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை தின்கிறோம் என்பதே பல்லை அரிப்பதில் பிரதானம் என்று ஸ்வீடனில் விபெஹோம் விடுதியில் கண்டுபிடித்தார்கள். மூளை வளர்ச்சி குன்றிய நிராதரவானவர்களுக்கு ஒட்டும் மிட்டாயை வேண்டுமென்றே கொடுத்து அறிந்த உண்மை அது. அறிந்த வகை வெட்கத்துக்குரியதேயானாலும் உண்மை உண்மைதான். வேப்பங்குச்சியால் பல் துலக்கிய நம் முன்னோருக்குப் பல்வலியே இல்லை என்று பெருமை பேசுகிறவர்கள், அந்த முன்னோர் நாளுக்கு ஐந்து தடவை சர்க்கரை போட்ட காபியும் இடையிடையே பிஸ்கட்டும் சாப்பிட்டதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

பல் சொந்த விவகாரம், அதில் சர்க்காருக்கு என்ன வேலை என்பாரும் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் இந்த வாதம் எடுபடவில்லை. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்திருந்ததனால் அங்கே குழந்தைகளின் பல் மஞ்சளும் பழுப்புமாகக் கறைபட்டது. முதியவர்களின் எலும்பும் வளைந்தது. சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாவில் 1937-லேயே இந்த வியாதியை ஷார்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் அடையாளம் கண்டு எழுதியிருந்தார்கள். எழுபது வருஷத்துக்குப் பிறகாயினும், ஜப்பானியக் கடனுதவியுடன் சுமார் 1,900 கோடி ரூபாய் செலவில் ஒகேனக்கலிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013-இல் அது நிறைவேறியது. தண்ணீர் வழியாக வந்த கேட்டுக்குச் சர்க்கார் பொறுப்பேற்றது. பொட்டலத்தின் வழியாக வரும் கேட்டை மாத்திரம் தனிமனிதன் தலையில் கட்டுவது என்ன தர்மம்? இன்னொரு வேடிக்கை: அளவோடு ஃப்ளோரைடு சேர்ந்த பற்பசையை 2021-இல் உலக சுகாதார ஸ்தாபனம் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது, நாமோ 2025 செப்டம்பர் வரையில் பற்பசைக்கு நூற்றுக்கு 18 வரி வாங்கிக்கொண்டிருந்தோம். இப்போது அது 5 ஆகியிருப்பது சந்தோஷமே.

சுகாதாரச் செவிலியர் கையில் டார்ச் விளக்கைக் கொடுத்துவிட்டால் காரியம் முடிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. திருவனந்தபுரத்திலேயே, சந்தேகத்துக்குரிய படலம் இருப்பதாகக் கண்டு மேல் பரிசோதனைக்குப் போகச் சொல்லப்பட்டவர்களில் போனவர்கள் நூற்றுக்கு 63 பேர்தாம். எஞ்சியவர்களில் ஒருவர் கூலி போய்விடும் என்று நின்றிருப்பார். ஒருவர் பஸ் செலவுக்கு அஞ்சியிருப்பார். இன்னொருவர், தெரிந்துகொள்வதற்கே பயந்திருப்பார். ஆகவே தாலுகா ஆஸ்பத்திரியில் வாரத்தில் ஒரு நாளை இவர்களுக்கென்றே ஒதுக்கி, போக்குவரத்துச் செலவையும் அன்றைய கூலியையும் கொடுத்து, கண்டுபிடித்த பணியாளரையே உடன் அனுப்பிவைக்கும் ஏற்பாட்டையும் சேர்த்துத்தான் இந்தத் திட்டத்தின் செலவைக் கணக்கிட வேண்டும்.