ஒரே தொகையை இருமுறை எழுதுவானேன்?

மாதம் பிறந்து ஐந்து நாட்களுக்குள் நம் திருவண்ணாமலை மாவட்டத்துச் சங்க அலுவலகங்கள் பலவற்றில் நடைபெறும் வேலை ஒன்று உண்டு. அங்கத்தினர்களிற் பெரும்பாலோர் அதனைக் கண்டிரார். சங்கத்தின் வரவு செலவு கணிப்பொறியில் ஒரு மென்பொருளில் இருக்கிறது. விற்பனைப் பட்டியல்கள் மற்றொரு மென்பொருளில் இருக்கின்றன. மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய மாதாந்தர அறிக்கையோ எக்செல் விரிதாளில் இருக்கிறது. எழுத்தர் முதலிரண்டையும் காகிதத்தில் அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தொகைகளை ஒவ்வொன்றாக மூன்றாவதில் தட்டச்சு செய்கிறார். கணிப்பொறியிலிருந்து காகிதத்துக்கும், காகிதத்திலிருந்து மறுபடியும் கணிப்பொறிக்குமாகத் தொகைகள் யாத்திரை செய்கின்றன. இந்த யாத்திரை வேண்டுவதில்லை என்பதே நம் கட்சி.

எழுத்தருக்கு உண்டாகும் சிரமம் ஒருபுறம் இருக்கட்டும். அங்கத்தினருக்கு இதனால் நேர்வது என்ன?

பயிர்க்கடனை எடுத்துக்கொள்வோம். நம் மாநிலத்தில் பயிர்க்கடனைத் தவணைக்குள் திருப்பிக் கட்டும் விவசாயிக்கு வட்டி இல்லை. தவணை தவறினால் அந்தச் சலுகையும் இல்லை. போளூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் நெல் விற்ற பணத்தைக் கொண்டு மார்ச்சு 7ஆம் தேதி கடனைக் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தவணை மார்ச்சு 31. ரசீதில் 7/3 என்றிருக்கிறது. எழுத்தரும் அவ்வாறே விரிதாளில் அடிக்கிறார். ஆனால் அக்கணிப்பொறியில் தேதி முறை அமெரிக்க வழக்கப்படி அமைந்திருக்குமானால், அது மாதத்தை முதலிலும் நாளைப் பின்னரும் வைத்துப் படிக்கும். மார்ச்சு 7 ஜூலை 3 ஆகிவிடும். தவணைக்கு முன் கட்டியவர் தவணை தவறியவராகக் காட்சியளிப்பார். மார்ச்சு 15இல் கட்டியவர் கதை இன்னும் விசித்திரமானது. பதினைந்தாவது மாதம் என்று ஒன்று இல்லாமையால் கணிப்பொறி அதனைத் தேதியாகவே கொள்ளாது. வெறும் எழுத்தாக விட்டுவிடும். தேதிவாரியாகக் கூட்டும்போது அவர் எந்தக் கூட்டிலும் வாரார். பேரேட்டில் இருவர் கணக்கும் சரியாகவே இருக்கும். சலுகைக்குத் தகுதியுடையோர் பட்டியல் விரிதாளிலிருந்து எடுக்கப்படுமாயின், அதனால் அவர்களுக்கு என்ன பயன்?

இனி நெசவாளர் பக்கம் வருவோம். ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் பட்டு நெய்வோருக்குச் சங்கம் பட்டும் சரிகையும் கொடுக்கிறது. சேலையை வாங்கிக்கொண்டு கூலி தருகிறது. அதற்கு வேண்டிய ரொக்கக் கடனை மத்திய கூட்டுறவு வங்கியில் பெறுகிறது. எவ்வளவு எடுக்கலாம் என்பது சங்கத்தின் கையிலுள்ள சரக்கு இருப்பைப் பொறுத்தது. ஆகவே இருப்புப் பட்டியலில் ஏற்படும் பிழை தறிவரைக்கும் வந்து சேரும். மாதக் கடைசி நாளில் விற்பனை நிலையத்தில் ஒரு சேலை விலைபோகிறது. விற்பனை மென்பொருளில் அன்றே பதிவாகிறது. கணக்கு மென்பொருளில் இரண்டு நாள் கழித்து ஏறுகிறது. எழுத்தர் ரொக்கத்தை ஒன்றிலிருந்தும் இருப்பை மற்றொன்றிலிருந்தும் எடுத்து எழுதினால், விற்ற சேலை அலமாரியிலும் இருக்கும், அதன் பணம் பெட்டியிலும் இருக்கும்! மாறி எடுத்தால் இரண்டும் இரா. கடன் வரம்பு குறையும். பாவுக்குப் பட்டு வாராமல் தறி சும்மா நிற்கும்.

தள்ளுபடியும் ஒரு சிக்கல். வாங்குவோர் கொடுத்த விலை விற்பனைப் பட்டியலில் இருக்கிறது. கணக்கிலோ முழு விலையும் வரவாக எழுதப்பட்டு, தள்ளுபடித் தொகை அரசிடமிருந்து வரவேண்டியதாக நிற்கிறது. இரண்டும் சரியே. ஆயினும் இரண்டு கூட்டுத்தொகைகள் ஒத்துவாரா. அப்போது விரிதாளில் ‘சரிக்கட்டல்’ என்று ஒரு வரி முளைக்கிறது. முதல் மாதத்தில் அதற்குக் காரணம் எழுத்தருக்கு நினைவிருக்கும். ஆறாம் மாதத்தில் அவர் வேறு சங்கத்துக்கு மாறிப் போயிருப்பார். வரி மட்டும் தொகை பெருகி நிற்கும். தணிக்கையின்போது அந்த வரிக்குப் பொருள் சொல்ல ஆள் இருப்பதில்லை. ஓர் அறிக்கையில் எம் கண் முதலில் தேடுவது அவ்வரியைத்தான்.

இதற்குப் பரிகாரம் புதிதன்று. விலை மிக்கதும் அன்று. 1986இல் பெங்களூரில் தோன்றிய டேலி நிறுவனத்தின் கணக்கு மென்பொருளை நம் நாட்டில் அறியாதார் இல்லை. அது திறந்திருக்கும்போது அதிலுள்ள பேரேட்டு இருப்புகளை எக்செல் நேராகவே படித்துக்கொள்ளும். விற்பனை மென்பொருளிலிருந்து வெளியேற்றப்படும் கோப்பையும் அவ்வாறே படிக்கலாம். 2016ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் எக்செலின் உள்ளேயே பவர் குவெரி என்னும் வசதி இதற்கென அமைந்திருக்கிறது. எந்தக் கோப்பு, எந்தப் பத்தி, தேதி எந்த வழக்கம் என்று ஒருமுறை வழி வகுத்துவிட்டால், மறுமாதம் ‘புதுப்பி’ என்று கட்டளையிடுவதே வேலை. பட்டியல் எண்ணைக் கொண்டு விற்பனையையும் கணக்கையும் கோத்துவிட்டால், ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத சேலை எது என்பது பெயர் சொல்லி முன்னே வரும். சரிக்கட்டல் வரிக்கு இடமிராது. தள்ளுபடி தனிப் பத்தியில் நிற்கும்.

தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்கள் இவ்வகையில் சற்றுப் பாக்கியம் செய்தவை. 2022 ஜூன் 29 அன்று மத்திய அமைச்சரவை 63,000 சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. நபார்டு வங்கியின் பொறுப்பில் ஒரே பொது மென்பொருள் என்பது அதன் ஏற்பாடு. நெசவாளர் சங்கங்கள் அத்திட்டத்தில் சேர்ந்தவை அல்ல. தம் வழியைத் தாமே வகுத்துக்கொள்ள வேண்டியவை. பொது மென்பொருள் வந்த இடத்திலும், அதிலிருந்து காகிதம் எடுத்து விரிதாளில் அடிக்கும் பழக்கம் தொடர்ந்தால் வந்த பயன் பாதியே.

அனுபவமுள்ள செயலாளர்கள் ஓர் ஆட்சேபம் சொல்வதுண்டு. “கையால் அடிக்கும்போதாவது எழுத்தர் தொகையைக் கண்ணால் பார்க்கிறார், தானாக வந்துவிட்டால் பார்ப்பவர் யார்?” என்கின்றனர். இது தள்ளத்தக்க பேச்சன்று. 2020ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். கொரோனாப் பரிசோதனை முடிவுகள் கோப்புகளாக வந்து விரிதாளில் சேரும்படி அமைத்திருந்தனர். அவ்விரிதாள் பழைய வகையைச் சேர்ந்தது. 65,536 வரிசைகளுக்கு மேல் அதில் இடமில்லை. மிகுந்தவை சத்தமின்றி உதிர்ந்தன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகள் அன்றாடக் கணக்கில் வாராமற் போயினர். அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அத்தனை நாள் தாமதமாயிற்று. செல்வமிக்க தேசத்துச் சுகாதார இலாகாவின் கதி இது.

வந்த வரிசை எத்தனை, சேர்ந்த வரிசை எத்தனை என்று ஒப்பிட்டிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். ஆகவே இணைப்பு அமைக்கும் சங்கம் விரிதாளின் தலையிலேயே ஒரு கட்டம் வைக்க வேண்டும்: விற்பனை மென்பொருளில் பட்டியல்கள் எத்தனை, மொத்தம் எவ்வளவு, இங்கு வந்தவை எத்தனை, மொத்தம் எவ்வளவு. இரண்டும் ஒவ்வாவிடில் செயலாளர் கையொப்பமிடலாகாது. கண்ணால் ஆயிரம் தொகைகளைப் பார்ப்பதைக் காட்டிலும் இந்த நான்கைப் பார்ப்பது எளிது.

வாயால் சொல்லப்படாத ஆட்சேபம் ஒன்றும் உண்டு. கையால் அடிக்கும் விரிதாளில் மாதக் கடைசியை அழகுபடுத்திக் காட்டலாம். இணைத்த விரிதாளில் அது கடினம். இதற்கு நாம் விடை கூறப் போவதில்லை.

சில எச்சரிக்கைகள் மட்டும். இணைப்பு ஒருவழிப் பாதையாக இருக்கட்டும். விரிதாள் கணக்கைப் படிக்கலாம், கணக்கில் எழுதலாகாது. அங்கத்தினர் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை எழுத்து வகையாகவே கொள்ளுமாறு அமைக்க வேண்டும். இன்றேல் 0047 என்னும் அங்கத்தினர் 47 ஆவார். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் சுழியாகிவிடும், பணம் போய்ச் சேராது. ஆதார் எண் அறிக்கைக்கு வேண்டுவதில்லை. அதனை விரிதாளுக்குக் கொண்டுவரவே வேண்டாம். விரிதாள் சங்கத்துக் கணிப்பொறியில் இருக்க வேண்டும். எழுத்தரின் சொந்த மடிக்கணினியில் அன்று.

அறிக்கை கேட்போருக்கும் ஒரு வேண்டுகோள். படிவத்தின் பத்திகளை அடிக்கடி மாற்றினால், வகுத்த வழி அத்தனை முறையும் அறுந்துபோகும்; எழுத்தர் பழையபடி கைத்தட்டச்சுக்குத் திரும்புவார். ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலில் மட்டும் படிவம் மாறுவது என்று வைத்துக்கொண்டால் நல்லது.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர் எவரேனும் எழுந்து, அறிக்கையில் மார்ச்சு மாத விற்பனை என்றுள்ள தொகையைக் காட்டி, “இது எந்தெந்தப் பட்டியல்களால் ஆனது?” என்று கேட்கலாம். திரையில் உடனே காட்ட இயலுமாயின் கூட்டம் அடுத்த பொருளுக்குச் செல்லலாம். “பழைய காகிதங்களைத் தேட வேண்டும்” என்பது விடையானால், நிர்வாகக் குழுவோ தனி அலுவலரோ, யார் பொறுப்பில் இருக்கின்றனரோ அவரிடம், எந்த மாத அறிக்கை முதல் இணைப்பு நடைமுறைக்கு வரும் என்பதை அன்றைய தீர்மானப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதச் சொல்லலாம்.