வேற்றுமைப் பாடமும் வியாழனும்

சென்ற தவணையில் கோள்கள் பற்றிய வாசிப்புப் பகுதியொன்றை முடித்து, ஐந்தாம் வேற்றுமையைத் தொடங்கவிருந்த வேளையில் மாணவி ஒருத்தி எழுந்து வினவினாள்: "சேர், வியாழனின் காந்தப்புலம் துணிக்கைகளைப் பிடித்து வைத்திருக்கிறது என்றால், அவை ஒருபோதும் வெளியே போகாதா?"

இலக்கணத்தை ஒத்திவைத்தேன். பெற்றோர் சிலர் பின்னர் முறையிட்டனர். விஞ்ஞானத்தைப் பகற்பாடசாலை கற்பிக்கின்றது, தமிழ்ப் பள்ளி மொழியைக் கற்பித்தாற் போதும் என்பது அவர்களது வாதம். நேரம் குறுகியதென்பதை நானும் ஏற்கின்றேன். ஆயினும் அன்று நான் கூறிய விடையை அவர்களும் படித்துப் பார்க்க வேண்டும்.

புவியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வலயங்களை வான் அலன் 1958 இல் கண்டறிந்தார். பாடநூற் படங்கள் அவற்றை மூடிய வளையங்களாகக் காட்டுவதனால் அவை தப்பவியலாச் சிறைகளென எண்ணிவிடுகின்றோம். வியாழன் அவ்வெண்ணத்தைப் பொய்ப்பிக்கின்றது. அதன் உபகோளாகிய அயோவின் எரிமலைகள் கக்கும் கந்தகமும் ஒட்சிசனும் செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு தொன் வீதம் காந்தமண்டலத்திற் சேர்கின்றன. வியாழனோ பத்து மணிநேரத்திற்குள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவிடும் கோள். அச்சுழற்சியில் அகப்பட்டவை கவணிலிட்ட கல்லைப்போல வெளிநோக்கித் தள்ளப்பட, காந்தக் கோடுகளும் உடன் நீள்கின்றன. சூரியனுக்கு எதிர்ப்புறத்தில் அவை அறுந்து மீள இணையும். அறுந்த பகுதி துணிக்கைகளைச் சுமந்து காந்தவால் வழியே ஓடிவிடும். அந்த வால் சனியின் சுற்றுப்பாதைவரை, ஏறத்தாழ 65 கோடி கிலோமீற்றர் நீள்கின்றது.

1973 இல் வியாழனை அணுகிய பயனியர் 10, கோளை அடையுமுன்னரே அங்கிருந்து தப்பிய இலத்திரன்களை எதிர்கொண்டது. புவிக்கருகிற் செய்மதிகள் பதிந்த இலத்திரன்கள் 13 மாதங்களுக்கொருமுறை பெருகியதன் காரணமும் அதன்பின்பே விளங்கிற்று. சூரியனிலிருந்து விரியும் காந்தக் கோடு அக்கால இடைவெளியிலேயே இரு கோள்களையும் தொடுக்கின்றது.

துணிக்கை, இலத்திரன், காந்தப்புலம் ஆகியன ஊரிலே நான் கரும்பலகையில் எழுதிய சொற்களே. இங்கும் அவை போதுமானவையாயிருந்தன. உறவினரை நலம் விசாரிப்பதற்கும் மேடையில் மனனஞ் செய்து ஒப்புவிப்பதற்கும் மட்டுமே தமிழ் என்றால், பதினைந்து வயதில் நம் பிள்ளைகள் அதைக் கைவிடுவர். அதற்கு அவர்களை நொந்து பயனில்லை. மாதத்தில் ஒரு மணிநேரத்தையாவது இத்தகைய பாடத்திற்கு ஒதுக்குமாறு நிர்வாகக் குழுவையும் பெற்றோரையும் வேண்டுகின்றேன்.

வேற்றுமைப் பாடம் மறுவாரமே நிறைவேறியது. நீங்கற்பொருளுக்கு உதாரணம் கேட்டேன். அம்மாணவி எழுதித் தந்தது: "வியாழனின் நீங்கிய இலத்திரன்."