கரடியும் அவுட்டுக்காயும்

அணைக்கட்டு வட்டாரத்தில் கரடிகுடி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே முன்னர் குடியிருந்தது யார் என்று பெயரே சொல்லிவிடும். இன்றைக்கும் ஜவ்வாது மலையில் கரடி உண்டு. கணியம்பாடி ஒன்றியத்து அமிர்திக் காடும் அந்த மலையின் அடிவாரம்தான். ஆனால் கரடி என்றதும் நம் தோழர்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆம்பூர், பேரணாம்பட்டில் எத்தனை வீட்டு அடுப்பு அணையுமோ என்று அஞ்சினோம். இந்த நேரத்தில் கரடி இருந்தால் என்ன, செத்தால் என்ன?" என்பதே அந்தக் கேள்வி.

நியாயமான கேள்விதான். அதைக் கேட்பவரை ஏளனம் செய்ய மாட்டோம். ஆனால் கரடியைக் கொல்பவன் யார், கொல்லத் தூண்டுபவன் யார், சிறைக்குப் போகிறவன் யார் என்று அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போனால், விஷயம் நம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கூலிக் கணக்கு போடத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு கஷ்டமல்ல.

நம் காட்டுக் கரடி கறையான், எறும்பு, தேன் தின்பது. இலந்தை, நாவல், அத்தி, கொன்றைப் பழம் எதையும் விடாது. புற்றைப் பிளந்து கறையானை உறிஞ்சுவதற்கென்றே மேல் வாயில் நடுப்பற்கள் இரண்டு இல்லாமல் இருக்கிறது. பெண் கரடி ஒரு ஈற்றில் போடுவது ஒன்று அல்லது இரண்டு குட்டி. பிறந்த குட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு திரியும். இரண்டு, இரண்டரை வருஷம் கூடவே வைத்திருக்கும். அதுவரை அடுத்த ஈற்று கிடையாது.

ஒரு மலையில் பத்துப் பெண் கரடிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று வருஷத்துக்கு ஒரு ஈற்று என்றால் வருஷத்துக்கு மூன்று ஈற்று, மிஞ்சிப் போனால் ஆறு குட்டி. அதில் பாதி பிழைத்து வளர்ந்தால் மூன்று. அவற்றில் பெண் ஒன்றோ இரண்டோ. மூப்பாலும் நோயாலும் சாகிற தாய்களுக்கு ஈடு கட்டவே அது சரியாகிவிடும். இந்த நிலையில் வேட்டைக்காரன் வருஷத்துக்கு இரண்டு பெண் கரடியை எடுத்தால் என்ன ஆகும்? முதலே கரைகிறது! வட்டியைத் தின்கிறோம் என்று நினைத்துக்கொண்டு முதலைத் தின்கிற குடும்பம் எத்தனை நாள் தாங்கும்?

காட்டுப்பன்றியின் கதை வேறு. அது ஒரே ஈற்றில் நாலு, ஆறு என்று போடும். போட்ட குட்டி ஒரு வருஷத்தில் தானும் தாயாகிவிடும். பன்றிக்கு வைக்கிற அவுட்டுக்காய் பன்றியைக் குறைப்பதில்லை. கரடியைத்தான் குறைக்கிறது. இதுதான் விஷயத்தின் சூட்சுமம்.

அவுட்டுக்காய் என்றால் என்ன என்று மலையோரத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். வெடிமருந்தை உருட்டி, அதன்மேல் பழமோ மாவோ கொழுப்போ பூசி வைப்பது அது. கடித்த மாத்திரத்தில் வாய் சிதறும். பன்றிக்கு வைத்தது என்று வெடிக்கு என்ன தெரியும்? பழ வாசனையைத் தேடி வருகிற கரடியும் கடிக்கும், மேயப் போன மாடும் கடிக்கும். 2020 மே மாதத்தில் பாலக்காட்டில் கருவுற்ற யானை ஒன்று வாய் சிதைந்து, தண்ணீரில் நின்றபடியே செத்ததை நாடே பார்த்துக் கலங்கியது. கரடி செத்தால் புகைப்படம் எடுக்கக்கூட ஆள் இல்லை. சுருக்குக் கம்பியும் திருட்டு மின்வேலியும் இதே ஜாதிதான். ஆளையும் சேர்த்தே கொல்லும்.

அப்படியானால் விவசாயி என்ன செய்வான்? இரவோடிரவாக நிலக்கடலையைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போகிற பன்றியைக் கும்பிட்டுக்கொண்டு நிற்பானா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் காட்டு விலங்கைப் பற்றி உபதேசம் செய்கிற கனவான்களிடம் நமக்குச் சம்மதமில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. கரடியை நினைத்துப் பார்த்தால் இந்த எல்லைக்கோடு புத்திசாலித்தனமானதே. ஆனால் மலையடிவாரத்துச் சிறு விவசாயியின் கொல்லை அந்த முதல் கிலோமீட்டரிலும் இரண்டாவது கிலோமீட்டரிலும்தான் இருக்கிறது. கூண்டு வராவிட்டால், நஷ்டஈடு வராவிட்டால், அவனைத் தேடி அவுட்டுக்காய்க்காரன் வருவான்.

இனி, கொல்லத் தூண்டுபவன் யார் என்று பார்ப்போம்.

வெள்ளைக்காரன் காலத்தில் தூண்டியது சர்க்காரே. கொடிய மிருகம் என்று பட்டியல் போட்டுத் தலைக்கு இத்தனை ரூபாய் என்று பரிசு கொடுத்தான். 1875 முதல் 1925 வரை ஐம்பது வருஷத்தில் 80 ஆயிரத்துக்கு மேல் புலி, ஒன்றரை லட்சத்துக்கு மேல் சிறுத்தை, 2 லட்சம் ஓநாய் தீர்ந்தன. கரடிக்கும் அந்தப் பட்டியலில் இடமிருந்தது. துரைமாருக்கும் ஜமீன்தார்களுக்கும் அது பொழுதுபோக்கு.

பின்னர் வந்தது வியாபாரி. கரடிப் பித்தப்பைக்குக் கிழக்காசிய நாடுகளில் மருந்துச் சந்தை உண்டு. காட்டில் இறங்கிச் சுடுகிறவனுக்குச் சில்லறை, கை மாறி மாறிக் கடல் தாண்டும்போது கொள்ளை லாபம். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பித்தத்தில் இருக்கும் மருந்துச் சத்தை இன்று மாட்டுப் பித்தத்திலிருந்தே தொழிற்சாலையில் தயாரிக்கிறார்கள். மாட்டின் தோல் முதல் கொழுப்பு வரை எதுவும் வீணாகாது என்பது நம் தொழிலாளிக்குத் தெரியும். பித்தமும் வீணாவதில்லை! அப்படியிருக்க, ஒரு கரடியின் வயிற்றைக் கிழிக்க வேண்டிய அவசியம் யாருக்கு? மருந்துக்கு அல்ல, லாபத்துக்கு.

சட்டம் என்ன செய்கிறது? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கரடி இருக்கிறது. 2022ல் திருத்திய பிறகு 3 முதல் 7 வருஷம் சிறை, குறைந்தது 25 ஆயிரம் ரூபாய் அபராதம். நல்ல சட்டம்தான். பிடிபடுகிறவன் யார்? நாட்டுத் துப்பாக்கியோடு மலையிலிருந்து இறங்குகிற ஏழை. பணம் கொடுத்தவன் பட்டணத்தில் குளிர்பதன அறையில் இருக்கிறான்.

கரடியைக் காப்பதென்றால் ஏழையை நசுக்குவது என்றுதான் அர்த்தமா? இல்லை என்பதற்கு இரண்டு சாட்சிகள் சொல்வோம்.

கலந்தர் என்ற சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகக் கரடியை ஆட்டுவித்துப் பிழைத்தார்கள். ஆடுகிற ஒவ்வொரு கரடிக்கும் பின்னால் கொல்லப்பட்ட ஒரு தாய்க் கரடி உண்டு. தாயைக் கொல்லாமல் குட்டியைப் பிடிக்க முடியாது. சட்டம் 1972லேயே தடுத்தது. ஆனாலும் தெருவில் கரடி ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவர்களுக்கு வேறு தொழில் செய்யப் பணமும் பயிற்சியும் கொடுத்து, கரடிகளை வாங்கிக் காப்பகத்தில் வைக்கத் தொடங்கிய பிறகே மாறியது. 600க்கும் மேற்பட்ட கரடிகள் மீண்டன. கடைசிக் கரடி 2009 டிசம்பரில் மீட்கப்பட்டது. தடை உத்தரவால் 37 வருஷமாக முடியாத காரியம் சோற்றுக்கு வழி காட்டியதும் முடிந்தது.

இரண்டாவது சாட்சி நம் தோல் உலகத்தைச் சேர்ந்தது. இருளர்கள் ஒரு காலத்தில் பாம்பு பிடித்துத் தோலுக்கு விற்றார்கள். 1976ல் பாம்புத்தோல் ஏற்றுமதி நின்றதும் வயிற்றில் அடி விழுந்தது. 1978ல் கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, உயிரோடு காட்டில் விட்டார்கள். அதே கை, அதே வித்தை. கொலைத்தொழில் உயிர் காக்கும் தொழிலானது! ஜவ்வாது மலையில் புற்றும் தடமும் அறிந்த மலைவாசி இளைஞனைக் காவலராகச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள இலாகாவுக்கு என்ன தடை?

"வெளிநாட்டில் சட்டப்படி கரடி வேட்டை நடக்கிறதே" என்பார்கள். நடக்கிறது. சுவீடனில் 1930 வாக்கில் 130 கரடிதான் மிச்சம். காப்பாற்றியதில் 2008ல் 3,300 ஆயிற்று. பிறகு வேட்டையைத் தாராளமாக விட்டார்கள். 2023ல் மட்டும் 700க்கு மேல் சுட்டார்கள். தொகை 2,400 வாக்கில் இறங்கியது. அங்கே ஆராய்ந்தவர்கள் இன்னொன்றும் கண்டார்கள். ஆண் கரடியைச் சுட்டால் அந்த இடத்துக்குப் புதிதாக வருகிற ஆண், இருக்கிற குட்டிகளைக் கொன்றுவிடுகிறது. ஒரு குண்டுக்கு ஒரு சாவு என்ற கணக்கு அங்கேயும் பொய்க்கிறது. அவ்வளவு எண்ணிக்கை வைத்திருக்கும் நாட்டுக்கே இந்தக் கதி. நம் நாட்டிலோ புலிக்கு நாலு வருஷத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு, கரடிக்கு அப்படி ஏதும் கிடையாது.

மே தினத்தன்று கிராம சபை கூடும். மலையோர ஊராட்சிகளில் இருக்கும் தோழர்கள் வனத்துறை அதிகாரியிடம் கேட்க வேண்டியவை இவை: பன்றி பிடிக்க இந்த ஊராட்சிக்கு எத்தனை கூண்டு வந்தது? சென்ற பருவத்தில் பயிர் நஷ்டத்துக்கு மனு கொடுத்தவர்கள் எத்தனை பேர், பணம் வாங்கியவர்கள் எத்தனை பேர்? அவுட்டுக்காய்க்கு வெடிமருந்து விற்றவன் ஒருவனாவது பிடிபட்டானா? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.