பீரங்கி வைத்த சோழர் கப்பல்

சென்ற பொங்கல் விழாவில் சிறுவர் ஓவியப் போட்டிக்கு நடுவராக இருக்கும்படி சங்கத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். தலைப்பு, 'இராசேந்திர சோழனின் கடற்படை'. பதினேழு படங்கள் வந்தன. பதினேழிலும் புலிக்கொடி பறந்தது கண்டு மகிழ்ந்தேன். ஆனால் கொடிக்குக் கீழே பார்த்தபோது திகைத்துப் போனேன். மூன்று பெரிய பாய்மரங்கள், பின்புறம் அடுக்கு மாளிகை, பக்கவாட்டில் வரிசையாகப் பீரங்கி வாய்கள்! கொடியை இறக்கிவிட்டால் அது 1805-இல் டிரஃபால்கர் போரில் நெல்சன் நின்ற கப்பலேதான். சோழர் காலத்துக் கப்பலில் ஏது பீரங்கி?

இதைச் சொன்னதும் ஒரு சிறுமி, "அப்போ சோழர் கப்பல் எப்படி இருக்கும் தாத்தா? நீங்க வரைஞ்சு காட்டுங்க" என்றாள். ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகள் வரைபடங்களோடு வாழ்ந்தவன் நான். அன்று பென்சிலும் கையுமாக நின்றதுதான் மிச்சம். அந்தக் கேள்வி என்னைப் பல மாதங்கள் படிக்க வைத்தது. படித்ததில் எனக்குப் பட்டதை வாசக அன்பர்கள் முன் வைக்கிறேன்.

நம் பிள்ளைகள் மனத்தில் ஐரோப்பியக் கப்பல் பதிந்ததற்குக் காரணம் உண்டு. கடலை ஆண்ட நாடுகள் கப்பல் கட்டியதோடு நிற்கவில்லை. கப்பலை வரையவும் சம்பளம் கொடுத்தன. ஹாலந்து நாட்டின் வில்லெம் வான் டி வெல்டே என்ற ஓவியர் தம் நாட்டுக் கடற்படையோடு சிறு கப்பலில் சென்று, குண்டுகள் பறக்கும் போர்க்களத்தை நேரில் கண்டு கோட்டோவியமாக எழுதினார். அவர் மகனும் அதே பெயருடைய ஓவியர். இங்கிலாந்தும் ஹாலந்தும் போரிட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே இருவரும் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். 1674-இல் மன்னர் இரண்டாம் சார்லஸ் ஆளுக்கு ஆண்டுக்கு 100 பவுன் சம்பளம் நிர்ணயித்தார். கடற்போர்களைக் கோட்டில் வரைவது தந்தை வேலை. அவற்றுக்கு வண்ணம் தீட்டுவது மகன் வேலை. எதிரி நாட்டு ஓவியர்களையும் விலை கொடுத்து வாங்கலாம் என்று அந்த அரசன் கணக்குப் போட்டிருக்கிறான்!

கிழக்கிந்தியக் கம்பெனியும் இதில் சளைக்கவில்லை. 1732 வாக்கில் ஜார்ஜ் லாம்பர்ட், சாமுவேல் ஸ்காட் என்ற இருவரைக் கொண்டு துறைமுகங்களை ஆறு படங்களாக வரையச் செய்து லண்டன் தலைமையகத்தில் மாட்டியது. அதில் ஒன்று நம் சென்னைக் கோட்டை. லாம்பர்ட் கோட்டையை வரைந்தார், ஸ்காட் கப்பல்களை வரைந்தார். இருவரும் இந்தியாவுக்கு வந்தவர்களே அல்லர். அந்தப் படத்தைப் பார்த்த லண்டன்வாசிக்குச் சென்னை என்றால் கம்பெனிக் கொடியும் கம்பெனிக் கப்பலும்தான்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். பங்காருபேட்டைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. நம் தாலுகாவில் உள்ள பூதிக்கோட்டையில் பிறந்த ஹைதர் அலி, மேற்குக் கரையில் சொந்தக் கடற்படை கட்டியவர். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் அவரது படை ஆங்கிலேயரைத் தரையில் முறியடித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஆங்கிலத் தளபதி எட்வர்டு ஹியூஸ் மங்களூரில் ஹைதரின் கப்பல்களை அழித்தார்.

ஸ்ரீரங்கப்பட்டணம் சுற்றுலா சென்றவர்கள் தரியா தௌலத் மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். 1784-இல் திப்பு கட்டியது. அதன் சுவரில் புள்ளலூர் வெற்றி யானை, குதிரை, பல்லக்கு சகிதம் விரிகிறது. மாளிகையின் பெயருக்குக் கடற்செல்வம் என்று பொருள். ஆனால் அந்தப் போர்ச்சுவரில் மங்களூரில் அழிந்த கப்பல்களுக்கு இடமில்லை. வென்றதை வரைவது உலக வழக்கம். ஆகவே எந்தப் படத்தைப் பார்த்தாலும், வரையாமல் விட்டது எது என்றும் கேட்க வேண்டும்.

சோழர் கதை இன்னும் விசித்திரமானது. 1025-ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பில் இராசேந்திரன் வென்ற ஊர்களைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. அதே கோயிலின் உள்சுற்றில் சோழர் கால ஓவியங்களும் உள்ளன. சுந்தரர் கயிலை செல்கிறார், சிவபெருமான் திரிபுரம் எரிக்கிறார். கடற்படையை மட்டும் காணோம். வெற்றியைச் சொல்லில் வைத்த நம்மவர்கள் கப்பலைக் கோட்டில் வைக்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் நெல்சனின் கப்பல் புகுந்துகொண்டது.

"படம் இல்லாவிட்டால் என்ன, பெருமை போதாதா?" என்று சிலர் கேட்கலாம். போதாது என்பது என் கட்சி. அஜந்தாவின் இரண்டாம் குகையில் ஐந்தாம் நூற்றாண்டுக் கப்பல் ஓவியம் ஒன்று இருக்கிறது. அளவு குறித்த வரைபடம் எதுவும் கிடையாது. அந்த ஓவியத்தை ஆதாரமாகக் கொண்டு, பலகைகளை ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைத்து, ஒரு பாய்மரக் கப்பலைக் கட்டினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் மாதிரி வைத்துச் சோதித்தார்கள். 2025 மே மாதம் நம் கர்நாடகத்தின் கார்வாரில் 'கௌண்டின்யா' என்ற பெயருடன் இந்தியக் கடற்படை அதைச் சேர்த்துக்கொண்டது. சுவரில் எழுதிய ஒரு படம் 1500 ஆண்டுகள் கழித்துத் தண்ணீரில் மிதக்கிறது! படம் இல்லாத சோழர் கப்பலுக்கு இந்தப் பேறு எப்படிக் கிடைக்கும்?

இங்குள்ள நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழர் வரலாறு அவர்களுக்குச் சினிமாவிலிருந்தும் நம் விழா மேடையிலிருந்தும்தான் கிடைக்கிறது. நாளைக்கு ஒரு வகுப்புத் தோழன் "இது இங்கிலீஷ்காரன் கப்பலாயிற்றே" என்று சிரித்தால், பொய்யான கப்பலோடு உண்மையான வெற்றியையும் அந்தப் பிள்ளை சந்தேகிக்கும். நான் அஞ்சுவது இதற்குத்தான்.

ஆகவே என் யோசனை இது. அடுத்த போட்டிக்கு ஒரு மாதம் முன்பே பிள்ளைகளைக் கூட்டி, நம்மிடம் உள்ள சான்றுகளைக் காட்டுவோம். இராமநாதபுரம் மாவட்டம் அழகன்குளத்தில் கிடைத்த பானை ஓட்டில் கப்பல் கீறல் உண்டு. சாதவாகனர் காசில் இரண்டு பாய்மரக் கப்பல் உண்டு. அஜந்தா ஓவியம் உண்டு. விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் கட்டுமரத்தையும் தோணியையும் பிள்ளைகளுக்கு அருகில் காட்டுங்கள். முன்பு சென்னைக் கரையில் அலை கடந்து ஆளையும் சரக்கையும் இறக்கிய மசூலாப் படகும் கயிற்றால் தைத்ததே என்று சொல்லுங்கள்.

எங்கள் தொழிலில் ஒரு விதி. அளவு தெரியாத இடத்தில் கற்பனையாக எண் போடக் கூடாது. காலியாக விட்டு, "சரிபார்க்க" என்று எழுத வேண்டும். சோழர் கப்பலிலும் தெரியாத பகுதியைக் காலியாக விடுவோம். அதில் வெட்கம் எதுவும் இல்லை. நம் பிள்ளைகளில் ஒருவர் நாளை ஆராய்ந்து அதை நிரப்பட்டும்.

கேள்வி கேட்ட அந்தச் சிறுமிக்கு நான் இன்னும் படம் வரைந்து கொடுக்கவில்லை. அடுத்த பொங்கலுக்கு அவளும் நானும் சேர்ந்து வரைவதாக ஒப்பந்தம். பீரங்கி மட்டும் இருக்காது.