விலையில்லாப் பாடமும் நம் மண்ணின் பிணியும்

வன்னிப் பெருநிலத்தில் ஓர் இரவை எண்ணிப் பாருங்கள். குடிசை நிலத்திற் பாய் விரித்து உறங்கிய பெண்ணொருத்தி விடியுமுன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுகின்றாள். உடலிற் காயமில்லை, ஏதும் கடித்ததாக நினைவுமில்லை. “வயித்துக்குள்ள குத்துது, கண் இமை பாரமாக் கிடக்குது” என்கிறாள். வைத்தியசாலையிற் கடமையில் நிற்பவரோ பட்டம் பெற்றுச் சில திங்களே ஆன இளம் வைத்தியர். அவருடைய சட்டைப் பையிலே கைத்தொலைபேசி உண்டு. அதற்குள்ளே உலகத்து மருத்துவ நூலகம் முழுவதும் உண்டு. அந்நூலகம் அவருக்கு என்ன சொல்லும்?

வயிற்றுவலி என்று தேடினால் இரைப்பை அழற்சி என்னும், குடல்வால் அழற்சி என்னும், பித்தக்கல் என்னும். குளிர்நாட்டு ஆசிரியர் தம் நாட்டு மாணவர்க்கு வகுத்த பாடத்தில் எட்டடி விரியன் முன்வந்து நிற்பதில்லை. ஆயின் நம் நாட்டிற் பழகிய வைத்தியர் அறிவர்: இரவில் நிலத்திற் கிடந்து உறங்குவோரை இப்பாம்பு நோவின்றித் தீண்டும், பற்பட்ட தடம் கண்ணுக்குத் தெரியாமலும் போகும். முதலில் வயிற்றுவலி தோன்றலாம். பின்னர்க் கண்மடல் தாழும். அதன்பின் மூச்சுத் தசைகள் சோரும். அந்நிலையிற் செயற்கைச் சுவாசம் கிட்டாவிடில் உயிர் நில்லாது.

இதனைக் கூறுவது இணையப் பாடங்களை இகழ்வதற்கன்று. “கட்டிலருகே நின்று கற்க வேண்டியதைக் கண்ணாடித் திரையிற் கற்கின்றார்களே” என்று இளையோரைக் கடிந்துகொள்ளும் மூத்தோர் பலர் உளர். அவர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட இனத்தவர் நாம். தீக்கிரையாகாத நூலகம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அதனைத் தள்ளிவைப்பது எங்ஙனம் தகும்?

முல்லைத்தீவின் நிலையையும் நோக்குக. 1978 இல் தொடங்கப்பெற்ற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடம் இங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. பேராசிரியரும் நூலகமும் அங்கே. நோயாளியும் நள்ளிரவும் இங்கே. நூல்களின் விலையோ சொல்லுந் தரமன்று. 2001 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம் தன் பாடங்களை எல்லோர்க்கும் இலவசமாகத் திறந்துவைக்கப் போவதாக அறிவித்தது. அன்று தொடங்கிப் பெருகிய வெள்ளத்தில் மருத்துவமும் அடங்கும். இதயத்தின் ஒலியைக் கேட்டுப் பழகவும், எலும்பு முறிவின் நிழற்படத்தைப் பார்த்துத் தேறவும், இன்று காசு வேண்டியதில்லை. பாம்புக்கடிக்கென உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்காசிய நாடுகளுக்காக 2016 இல் வெளியிட்ட வழிகாட்டியும், இலங்கை மருத்துவச் சங்கத்தார் வகுத்த வழிகாட்டியும் அவ்வாறே விலையின்றிக் கிடைப்பன.

ஆகவே கருவூலம் உண்டு. ஆனால் எந்தக் கருவூலமும் தன்னைத் திறப்பவன் எந்த ஊரில் நிற்கின்றான் என்று கேட்பதில்லை. இந்திய வைத்தியர் ஒருவரின் பாடத்தை எடுத்துக்கொள்வோம். அவர் தம் நாட்டுக்குச் சரியாகவே சொல்கின்றார். நாம் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் விஷமுறிப்பு மருந்தும் இந்தியப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு அங்கே ஆக்கப்பட்டதே. ஆயினும், இலங்கையில் மிகுதியாகத் தீண்டும் பாம்புகளுள் ஒன்றாகிய கோப்பி விரியனின் நஞ்சை அம்மருந்து முறிப்பதில்லை. முறிக்காத மருந்தை ஏற்றினால் பயன் இல்லாததோடு, ஒவ்வாமையினால் உயிருக்கே இடர் நேரலாம். கடல் குறுகியதுதான், ஆனால் அக்கடலைத் தாண்டும்போது பாடம் மாறிவிடுகின்றது. இதனை மாணவருக்கு எச்சரிப்பவர் யார்?

மொழியின் இடர் வேறு. நம் மருத்துவ மாணவர் ஆங்கிலத்திற் கற்கின்றனர். இணையப் பாடங்களும் பெரும்பாலும் ஆங்கிலமே. நோயாளியோ “கண் இமை பாரம்” என்கிறாள். அச்சொல்லுக்கும் ஏட்டிலுள்ள கலைச்சொல்லுக்கும் இடையே பாலம் அமைப்பவரே வைத்தியர். தென்னிலங்கையிலிருந்து இங்கு பணிக்கு வரும் இளம் வைத்தியருக்கு அப்பாலம் இன்னும் நீளமானது.

இப்பாலத்தை முன்பே கட்ட முயன்ற ஒருவர் உண்டு. 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு நம்மவர்க்கு மேனாட்டு மருத்துவத்தைப் பயிற்றினார். பின்னர்த் தமிழிலேயே பயிற்றினார். 1858 இல் இலண்டனில் வெளிவந்த கிறேயின் உடற்கூற்று நூல் 1872 இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ எனத் தமிழில் அச்சேறியது அவர் முயற்சியாலேயே. பதினான்கே ஆண்டுகள்! அச்சுக் கோப்பதும் கடிதம் வருவதும் பெரும்பாடாயிருந்த காலத்தில் அது நடந்தது. நொடியில் உலகைச் சுற்றும் காலத்தில் நாம் என்ன செய்தோம்?

நாம் வேண்டுவது பெருந்திட்டமன்று. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பணிபுரியும் அனுபவமிக்க வைத்தியர்கள் பத்து நிமிடப் பாடங்களாகத் தாம் கண்டவற்றைத் தமிழிற் பேசிப் பதியட்டும். எட்டடி விரியன் ஒரு பாடம். வயலில் நின்றவரைப் பற்றும் எலிக்காய்ச்சல் ஒரு பாடம். நோயாளியின் பேச்சுவழக்கு ஒரு பாடம். நோயாளியின் பெயரும் முகமும் அதில் வாரா. மருத்துவபீடத்து அறிஞர் ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும். எழுதிய நாளும் திருத்திய நாளும் அதன் தலையிலே இருக்க வேண்டும். பொறுப்பாளர் பெயரில்லாத பாடம், முகவரியில்லாத மருந்துப் புட்டிக்கு ஒப்பாகும். பயில்வோரும், எந்தப் பாடத்தைத் திறந்தாலும், “இது யார் சொன்னது, எப்போது சொன்னது, எந்நாட்டு நோயாளிக்குச் சொன்னது?” என்ற மூன்று வினாக்களை எழுப்பிப் பழக வேண்டும்.

“வேலைப் பளுவிடையே இதற்கு நேரம் ஏது?” என்று வைத்தியர்கள் கேட்பது நியாயமே. கேள்வியின் பாரத்தை நாம் அறியாமலில்லை. ஆயினும் கன்னங்கரா அவர்கள் 1945 இல் வழிவகுத்த இலவசக் கல்வியிலே பயின்று, கட்டணமின்றி வைத்தியரானவர்கள் அவர்கள். அந்த விலையைக் கட்டியவர்களுள் நிலத்திற் பாய் விரித்து உறங்கும் அப்பெண்ணும் ஒருத்தி. அவள் வாங்கும் சீனியிலும் வரி உண்டன்றோ? பெற்றதைப் பின்வருவோர்க்கு விலையின்றிக் கொடுப்பது கொடையன்று, கடன் தீர்த்தலே.

அக்கடன் தீருமாயின், அடுத்த முறை அவள் விடியுமுன் வந்து “கண் இமை பாரமாக் கிடக்குது” என்னும்போது, இளம் வைத்தியரின் சட்டைப் பையிலுள்ள நூலகம் அவளுடைய மொழியிலேயே விடை சொல்லும்.