வேகம் வளர்ந்தது, வளைவு வளரவில்லை

பழைய மோட்டார் காரின் பெருமை பேசுகிறவர்களுக்கு நம் நாட்டில் பஞ்சமே கிடையாது. "அந்தக் காலத்து இரும்பு எங்கே, இந்தக் காலத்துத் தகரம் எங்கே!" என்பார்கள். வாலிபர்களோ புதுக் காரின் வேகத்தை விநாடிக் கணக்கில் ஒப்பிப்பார்கள். இந்த வழக்கைத் தீர்த்துவைக்க ஏலகிரியைவிடச் சிறந்த நியாயஸ்தலம் இல்லை. பொன்னேரியில் சமவெளியை விட்டுப் புறப்படும் மலைச்சாலை, 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் மேலே சேருகிறது. அங்கே பேச்சு எடுபடாது. வண்டியின் யோக்கியதை வெட்டவெளிச்சமாகிவிடும்.

முதலில் வாதியின் கட்சியைக் கேட்போம். வேகப் பிரியர்கள் இன்றும் கொண்டாடுவது அமெரிக்காவின் 'மஸில் கார்'களை. 1964-ல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ. அவற்றுக்கு வழிகாட்டி. நடுத்தர உடலில் 6.4 லிட்டர் ராட்சத எஞ்சினை வைத்து, 325 குதிரைச் சக்தி என்று விளம்பரம் செய்தார்கள். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. சைலன்ஸர், விசிறி முதலிய பாரங்கள் இல்லாமல் எஞ்சினைத் தனியே மேடையில் ஓட்டி அளந்த சக்தி அது. 1972 வாக்கில் அமெரிக்கக் கம்பெனிகள் எல்லாப் பாரங்களோடும் அளக்கும் முறைக்கு மாறியதும் எண்கள் மளமளவென்று சரிந்தன. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும் 1973-ம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அந்த யுகத்தையே முடித்துவைத்தன. இன்றோ, 2.3 லிட்டர் எஞ்சினுள்ள மஸ்டாங் கார் நேர்மையான அளவிலேயே 300 குதிரைச் சக்திக்கு மேல் தருகிறது.

நம்முடைய 'ராட்சதன்' அம்பாஸிடர். அதன் 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் தந்தது சுமார் 50 குதிரைச் சக்திதான். 2014-ல் உற்பத்தி நின்ற அந்த வண்டியில் குடும்பமே ஏறி உட்கார்ந்து, கூரையில் மூட்டையும் கட்டி மலையேறியவர்களுக்குத் தெரியும்: நடுவழியில் ரேடியேட்டர் கொதிக்கும், வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, சூடு ஆறும் வரை காத்திருக்க வேண்டும். இன்றைய சிறிய ஸ்விப்ட் கார் 1.2 லிட்டர் எஞ்சினிலேயே சுமார் 80 குதிரைச் சக்தி தருகிறது. எரிபொருளைக் கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் அளந்து புகட்டுகிறது. கொதிப்பதற்குள் மலை முடிந்துவிடுகிறது.

ஆகவே ஏற்றத்தில் தீர்ப்பு சந்தேகமில்லாமல் புதுக் காருக்கே. ஆனால் மலையில் பரீட்சை ஏறுவதோடு முடிவதில்லை, இறங்கவும் வேண்டும்.

பழைய கார்களில் பெரும்பாலும் டிரம் பிரேக். இறக்கத்தில் விடாமல் மிதித்தால் சூடேறிப் பிடிப்பு தளர்ந்துவிடும். அதனால்தான் அக்காலத்து டிரைவர்கள், "ஏறின கியரிலேயே இறங்கு" என்று சொல்லிவைத்தார்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக் கொள்ளும். பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். இப்போது டிஸ்க் பிரேக் இருக்கிறது; சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். இருக்கிறது, காற்றுப் பைகள் இருக்கின்றன. மின்சாரக் காரிலோ இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வேகத்தை அடக்கி, பாட்டரியையும் நிரப்புகிறது. ஆனால் மேலே முழுக்கச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினால் நிரப்ப இடம் இராது. அந்தப் பிடிப்பும் குறைந்துவிடும்.

இத்தனை பாதுகாப்பிருந்தும் அபாயம் எங்கிருந்து வருகிறது? சௌகரியத்திலிருந்துதான். 40 கிலோமீட்டர் வேகத்தில் அம்பாஸிடர் உறுமும், குலுங்கும். ஸ்டீயரிங் கையை இழுக்கும். ஒவ்வொரு அசைவும் ஓர் எச்சரிக்கை. புதுக் காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறவருக்கு 60-ம் தெரிவதில்லை. இயற்கைச் சட்டமோ மாறவில்லை. வேகம் இரட்டித்தால், பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. வண்டி நிற்கப் பிடிக்கும் தூரமும் ஏறக்குறைய அப்படியே. வளைவுக்கு அப்பால் எதிரே வருவது பஸ்ஸா, விறகுச் சுமையோடு நடந்துவரும் மலைவாசிப் பெண்ணா என்பதை எந்தக் குதிரைச் சக்தியும் முன்கூட்டிச் சொல்லாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும், பக்கத்து ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்தும் வரும் வாலிபர்கள் சிலர் இந்தச் சாலையைப் பந்தயத் திடலாக நினைத்துக்கொள்கிறார்கள். பந்தயம் ஓட்ட ஆசையிருந்தால் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே தளம் இருக்கிறது. ஏலகிரிச் சாலை, மேலே குடியிருப்பவர்கள் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகிற வழி. விடுமுறை நாட்களில் அடிவாரத்திலும் வளைவுகளிலும் போலீஸார் வேகத்தைக் கண்காணிப்பது அவசியம்.

புதுக் காரை வாங்குங்கள், அதில் குற்றமில்லை. ஆனால் பழைய டிரைவரின் பயத்தையும் அதில் ஏற்றிக்கொள்ளுங்கள். சின்ன கியரில் இறங்குங்கள். வளைவில் ஹாரன் கொடுங்கள். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள். புதுக் காரின் பலமும் பழைய காரின் நிதானமும் சேர்ந்தால் மலைக்குப் போனவர்கள் பத்திரமாக வீடு திரும்புவார்கள். அதைவிடப் பெரிய வெற்றி எந்தப் பந்தயத்தில் இருக்கிறது?