பேரீச்சம்பழத்துக்குப் போடாதீர்கள்

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் முருகேசன் போன மாதம் துணியோடு ஒரு கேள்வியையும் கொண்டுவந்தார். "சார், மாசாமாசம் பணம் கட்டற மாதிரி லேப்டாப் எங்க கிடைக்கும்?"

கடைக்குட்டிப் பையன் கல்லூரியில் முதல் வருஷம். அசைன்மென்ட் எல்லாவற்றையும் செல்போனில் கட்டைவிரலால் அடித்துக்கொண்டிருக்கிறானாம். கடையில் விசாரித்ததில் 35,000 ரூபாய் ஆகும் என்றிருக்கிறார்கள். சட்டைக்குப் பத்து ரூபாய் வாங்குகிற மனிதர். 3,500 சட்டை தேய்க்க வேண்டும். வட்டி தனி.

"வீட்டில் ஏற்கெனவே எதுவும் இல்லையா?" என்று கேட்டேன்.

"பெரிய பொண்ணுக்கு பிளஸ் டூல கவர்மென்ட் குடுத்தது ஒண்ணு பரண்ல கெடக்கு சார். ரிப்பேர் கடைத் தம்பி பார்த்துட்டு, இது செத்துப்போச்சு, எடைக்குப் போட்டுடுங்கன்னு சொல்லிட்டாரு."

எடுத்துவரச் சொன்னேன். 2012-13 கல்வியாண்டில் கொடுத்தது. பாட்டரி போயிருந்தது. ஆனால் கரன்ட்டில் செருகினால் உயிர் வந்தது. திரையில் ஒரு கீறல் இல்லை. விசைப்பலகையில் ஒரே ஒரு பட்டன்தான் முரண்டு பிடித்தது. விண்டோஸ் 7 மெல்ல மெல்லக் கண் விழித்தது. அதற்குள் நான் காபி போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிட்டேன்.

செத்தது என்கிறார்களே, இதில் எது செத்தது? விண்டோஸ் 7-க்குத் தந்துவந்த ஆதரவை 2020 ஜனவரி 14-ல் அந்த கம்பெனி நிறுத்திக்கொண்டது. இன்ஷூரன்ஸ் முடிந்துவிட்டது என்பதற்காக ஓடுகிற ஸ்கூட்டரைப் பேரீச்சம்பழத்துக்குப் போடுவார்களா?

கணிப்பொறிக்கு மூப்பு தானாக வருவதில்லை, பெரும்பாலும் வரவழைக்கப்படுகிறது. இதுதான் என் புகார். விண்டோஸ் 10-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2015-ல் வந்தது. 2025 அக்டோபர் 14-ல் அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பதிவு செய்துகொண்டவர்களுக்குக் கொஞ்ச காலம் நீட்டிப்பு உண்டு, அவ்வளவுதான். அடுத்தது விண்டோஸ் 11. அதற்கு டி.பி.எம். 2.0 என்றொரு பாதுகாப்புச் சில்லு வேண்டும். பிராசஸர் அவர்கள் போட்ட பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல்லில் 2017-க்கு முன்னால் வந்தவை அநேகமாக அந்தப் பட்டியலில் இல்லை. நேற்றுவரை நன்றாக ஓடிய மெஷின் இன்று தீண்டத்தகாதது ஆகிவிட்டது.

பாதுகாப்புக்காகத்தான் இதெல்லாம் என்கிறார்கள். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஓட்டைகளை அடைக்காத பழைய சிஸ்டத்தில் பாங்க் கணக்கைத் திறப்பது வாசற்கதவைத் திறந்துவைத்துவிட்டு ஊருக்குப் போவது மாதிரிதான். ஆனால் அதே பழைய மெஷினில் லினக்ஸைப் போட்டால் ஓட்டை அடைக்கும் அப்டேட்கள் இன்றைக்கும் ஒழுங்காக வந்து சேருகின்றன. காசு வாங்காதவர்களால் முடிகிற காரியம், காசு வாங்கினவர்களால் ஏன் முடியவில்லை?

லினக்ஸ் என்றதும் பயப்படாதீர்கள். 1991-ல் ஹெல்சிங்கியில் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் ஆரம்பித்து வைத்தது. உங்கள் பாக்கெட்டில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் அதன் கருதான். லினக்ஸில் பல வகை உண்டு. பழைய மெஷின்களுக்கென்றே மெலிந்த உடம்புக்காரர்கள் சிலர் இருக்கிறார்கள்: பப்பி, ஆன்டிஎக்ஸ், லுபுன்டு. பப்பி 2003-ல் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. மொத்த சிஸ்டமும் ராம் நினைவகத்திலேயே உட்கார்ந்து ஓடிவிடும். ஆன்டிஎக்ஸ் டெபியன் குடும்பத்தைச் சேர்ந்தது. நான் முருகேசனின் லேப்டாப்புக்குப் போட்டது இதைத்தான்.

ரகசியம் ஒன்றுமில்லை. வேறொரு கம்ப்யூட்டரில் அதை இறக்கி, ஒரு பென் டிரைவில் எழுதி, பழைய லேப்டாப்பை அந்த பென் டிரைவிலிருந்து கிளப்ப வேண்டும். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் பதியலாம், பிடிக்காவிட்டால் பென் டிரைவைப் பிடுங்கிவிடலாம். பதிவதற்கு முன் போட்டோக்களையும் முக்கியமான ஃபைல்களையும் வேறிடத்தில் நகல் எடுத்து வையுங்கள். இதை மறந்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

ரிச்சி தெருவில் பழைய ராம் ஒன்று வாங்கினேன். சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சின்னதாக ஒரு எஸ்.எஸ்.டி. மாட்டினேன். மொத்தச் செலவு இரண்டாயிரத்துச் சொச்சம். இப்போது ஒரு நிமிஷத்துக்குள் எழுந்துவிடுகிறது. லிப்ரே ஆபீஸில் அசைன்மென்ட் அடிக்கலாம். 1999-ல் சென்னை மாநாட்டில் முடிவான தமிழ்99 விசைப்பலகை அதற்குள்ளேயே இருக்கிறது, தேர்ந்தெடுத்தால் போதும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பிரவுசரில் பத்து ஜன்னல் திறந்தால் மூச்சு வாங்கும். இன்றைய இணையப் பக்கங்களுக்குப் பசி அதிகம். வீடியோவைப் பெரிய அளவில் வைத்தால் திக்கும். வைஃபை சில மாடல்களில் மக்கர் பண்ணும். டாலியில் கணக்கு எழுதுகிறவருக்கும் புது கேம் விளையாடுகிறவருக்கும் இது ஆகாது. மிகப் பழைய 32 பிட் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு வழி சுருங்கிக்கொண்டே வருகிறது. 2025-ல் வந்த டெபியன் 13-லேயே அவற்றுக்கான இன்ஸ்டாலர் கிடையாது. ஆனால் படிக்க, எழுத, மெயில் பார்க்க, விண்ணப்பம் நிரப்ப இந்த மெஷின் தாராளம். நம்மில் எத்தனை பேர் அதற்கு மேல் என்ன கிழிக்கிறோம்?

எடைக்குப் போட்டால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். ஐ.நா. அமைப்புகள் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி, 2022-ல் மட்டும் உலகம் தூக்கி எறிந்த மின்குப்பை 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவிகிதம். மிச்சத்தில் ஒரு பங்கு டெல்லி சீலம்பூர் மாதிரி இடங்களில் கையுறைகூட இல்லாமல் பிரிக்கப்படுகிறது, எரிக்கப்படுகிறது. அந்தப் புகையை சுவாசிக்கிறவர் நிச்சயம் லேப்டாப்பை மாற்றிய ஆசாமி இல்லை.

எனக்கு அதிகக் கோபம் அமெரிக்க கம்பெனி மேல் இல்லை. அது வியாபாரி. விற்கத்தான் பார்க்கும். கோபம் நம் மேல்தான். முருகேசன் கொண்டுவந்த லேப்டாப்பை முடுக்கியதும் திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ். அதுவும் லினக்ஸ்தான், இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. நம் வரிப்பணத்தில், நம் ஊரில் செய்த சரக்கு, ஒவ்வொரு நாளும் கதவைத் தட்டியிருக்கிறது. வேலூரில் கட்டிக்கொடுத்திருக்கும் அந்தப் பெண்ணிடம் போனில் கேட்டேன். "அதைத் தொட்டா கெட்டுப்போயிடும்னு ஸ்கூல்ல சொன்னாங்க சார்" என்றாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழக அரசு 2011-ல் ஆரம்பித்து லட்சக்கணக்கில் லேப்டாப் கொடுத்தது நல்ல காரியம். ஏழை வீட்டுப் பரணிலும் ஒரு கணிப்பொறி இருக்கிறது என்றால் அதனால்தான். ஆனால் பெட்டியைக் கையில் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டதோடு கடமை முடிந்துவிடுமா? பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். 2001-ல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்று தொடங்கிய திட்டம், பிற்பாடு 'கைட்' என்று பெயர் மாறியது. அரசுப் பள்ளிகளில் லினக்ஸ்தான் ஓடுகிறது. ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்தார்கள், பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே எட்டாம் வகுப்புப் பெண் சாதாரணமாகத் தொடுவதை இங்கே பிளஸ் டூ பெண் கெட்டுப்போகும் என்று நினைத்தாள். மெஷின் ஒன்றுதான். சொல்லிக்கொடுத்ததில்தான் வித்தியாசம்.

எனவே அரசாங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். இலவச லேப்டாப் எப்போது கொடுத்தாலும் அதோடு பத்து மணி நேர வகுப்பும் கொடுங்கள். ஏற்கெனவே கொடுத்தவை பரண்களில் தூங்குகின்றன. மாவட்டத்துக்கு ஒரு பாலிடெக்னிக்கில் சனிக்கிழமை தோறும் பையன்களை உட்கார வைத்து அவற்றை எழுப்பித் தரச் சொல்லுங்கள். பையன்களுக்குத் தொழில் பழக்கம், ஜனங்களுக்கு லேப்டாப்.

உங்களுக்கும் ஒன்று. அடுத்த முறை ரிப்பேர் கடைக்காரர் "செத்துப்போச்சு சார்" என்றால், எது செத்தது, ஹார்ட் டிஸ்க்கா, மதர்போர்டா, விண்டோஸா என்று கேளுங்கள். மூன்றாவது என்றால் மெஷினை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.

முருகேசனுக்குத் தவணை மிச்சம். ராமுக்கும் டிஸ்க்குக்கும் ஆன பணத்தை நான் வேண்டாம் என்றும் கேட்கவில்லை. "துணியில கழிச்சுக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டார். இந்தக் கட்டுரையை வேட்டி மடிப்புக் கலையாமல் எழுதுகிறேன்.